பெரியவர்களுக்கு வலுப்பயிற்சி சொல்லிக்கொடுக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படித்துவிடுங்கள்

சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மொட்டைமாடியில் வலுப்பயிற்சி வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்கள் எல்லாம் 30 முதல் 70 வயதுக்குள் இருக்கும் அக்கம்பக்கத்து ஆட்கள். மூட்டை தூக்குகிற அண்ணன், காசிமேட்டு மீன் ஏலத்துக்குப் போய்வருகிற அக்கா, உட்கார்ந்த வேலையில் முதுகு போனவர், பேரனைத் தூக்க முடியாத ஆயா.

தொடங்கிய முதல் மாதமே ஒரு தப்பு செய்தேன். துறைமுகப் பக்கம் சுமை இறக்கும் அண்ணன் ஒருவர் சேர்ந்தார். "தினம் 50 கிலோ மூட்டை தூக்குறேன், இதெல்லாம் ஜுஜுபி மாஸ்டர்" என்றார். நானும் நம்பி, தரையிலிருந்து 60 கிலோ தூக்க வைத்தேன். மூன்றாவது தடவையில் இடுப்பில் பிடித்துக்கொண்டது. ஆறு நாள் கூலி போச்சு. அப்புறம்தான் விசாரித்தேன், அவர் இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார். நான் படித்த அட்டவணையில் பிழை இல்லை. ராத்திரி முழுக்க அவர் தூக்கிய மூட்டைகள்தான் அதில் இல்லை.

கீழே உள்ளவை எல்லாம் அந்த ஆறு நாள் கூலிக்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டவை.

1. படிப்புக்குக் காசு கட்டும் முன் மூன்று கேள்வி

முதலில் முதலுதவி வகுப்பு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. செஞ்சிலுவைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் இரண்டும் நடத்துகின்றன. நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் சி.பி.ஆர். பயிற்சியைப் பொம்மை மீது கையால் செய்து பழகியிருக்க வேண்டும். வீடியோ பார்த்து வராது. பல சான்றிதழ்களுக்கு இரண்டு வருடம்தான் ஆயுள், தேதியை நோட்டில் குறித்துவையுங்கள்.

அடுத்து பயிற்சியாளர் சான்றிதழ். நான் முதலில் கட்டிய 28,000 ரூபாய் வீண். இரண்டு வார இறுதி வகுப்பு, ஒரு டீ-ஷர்ட், கண்ணாடிச் சட்டம் போட்ட 'சர்வதேச டிப்ளமோ'. பணம் கட்டும் முன் இதைக் கேட்டிருக்க வேண்டும்: பாடம் எடுப்பவரே தேர்வும் வைத்து பாஸும் போடுகிறாரா? சி.பி.ஆர். சான்றிதழ் கேட்கிறார்களா? நோய் உள்ளவர், வயதானவர் பற்றித் தனிப் பாடம் உண்டா? முதல் கேள்விக்கு 'ஆமாம்', மற்ற இரண்டுக்கும் 'இல்லை' என்றால் கிளம்பி வந்துவிடுங்கள்.

வெளிநாட்டுச் சான்றிதழ்களில் ஏ.சி.இ. (அமெரிக்க உடற்பயிற்சி கவுன்சில்) தேர்வுக்கு 18 வயதும் சி.பி.ஆர். சான்றிதழும் வேண்டும். 3 மணி நேரத்தில் 150 கேள்வி, ஆங்கிலத்தில். என்.எஸ்.சி.ஏ. என்ற அமெரிக்க வலுப்பயிற்சி அமைப்பின் சி.எஸ்.சி.எஸ். தேர்வுக்குப் பட்டப்படிப்பு கட்டாயம். அது விளையாட்டு வீரர்களைப் பயிற்றுவிப்பவர்களுக்கானது, நம் ஆயாவுக்கு அது தேவையில்லை. பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்.ஐ.எஸ்.) ஆறு வாரப் படிப்பும் விளையாட்டுப் பயிற்சிக்கானதுதான். ஆங்கிலம் தடுமாறும் என்றால் ஏ.சி.இ. தேர்வுக்குப் படிக்க நாலு மாதம் ஒதுக்குங்கள். நான் தசைகளின் பெயரையெல்லாம் தமிழ் எழுத்தில் எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டிவைத்துப் படித்தேன். வீட்டில் திட்டு விழுந்தது.

2. இடமும் காகிதங்களும்

கடை பிடிக்க அவசரப்படாதீர்கள். முன்பணம், ஏ.சி., கண்ணாடி என்று பல லட்சம் முழுங்கிவிடும், பிறகு அதை மீட்க வருகிறவர்களுக்கெல்லாம் புரோட்டீன் பொடி டப்பா விற்க வேண்டி வரும். பத்துப் பேருக்கு 20 அடிக்கு 20 அடி போதும். எனக்கு மாடி வாடகை மாதம் 4,000.

வீட்டுக்காரரோடு வாய்ப்பேச்சில் விடாமல் வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். 'உடற்பயிற்சி வகுப்பு நடத்த' என்ற வரி அதில் இருக்கட்டும். எனக்கு அது இல்லாததால், கீழ்வீட்டுக்காரர் சத்தம் என்று புகார் செய்த அன்று பேச வாய் இல்லை. ஒப்பந்தம், சொத்துவரி ரசீது நகல், வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம், ஆதார், பான் எல்லாம் ஒரே கோப்பில் வையுங்கள். அதோடு உங்கள் பகுதிக்குரிய மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்குப் போய், உங்கள் வகுப்புக்குத் தொழில் உரிமம் பற்றிக் கேட்டு முடித்துவிடுங்கள். ராயபுரமா தண்டையார்பேட்டையா என்பது நம் தெருக்களில் சட்டென்று மாறும், சொத்துவரி ரசீதைப் பார்த்தால் தெரியும். பூங்காவில் கட்டணம் வாங்கி வகுப்பு நடத்துவதாக இருந்தாலும் அந்த மண்டல அலுவலகத்தில் கேட்காமல் தொடங்காதீர்கள்.

சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம். அரசின் இணையதளத்தில் ஆதார், பான் வைத்து நீங்களே செய்யலாம். அதே போலத் தோற்றமுள்ள தளங்கள் 'கட்டணம்' கேட்கும், நானும் 1,500 ரூபாய் அழுதிருக்கிறேன். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு. அந்தக் கவலை நமக்கு இப்போது வேண்டாம்.

பெண்கள் வருவதாக இருந்தால் முதலில் தார்ப்பாய் வாங்குங்கள். பக்கத்து மாடிகளிலிருந்து பார்வை படும் இடத்தில் யாரும் குனிந்து நிமிர மாட்டார்கள். எனக்கு இது புரிய மூன்று மாதம் ஆனது. அதுவரை 'பெண்களுக்கு ஆர்வமில்லை' என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

3. முதல் நாள் எடையைத் தொட விடாதீர்கள்

முதல் நாள் முழுக்கப் பேச்சும் எழுத்தும். ஆளுக்கு ஒரு 40 பக்க நோட்டு. உடற்பயிற்சிக்கு முன் கேட்க வேண்டிய ஏழு பொதுக் கேள்விகள் கொண்ட பார்-கியூ பிளஸ் என்ற படிவம் உலகம் முழுக்கப் புழங்குகிறது. இதய நோய் அல்லது ரத்த அழுத்தம், நெஞ்சு வலி, தலைசுற்றல், வேறு நாள்பட்ட நோய், மருந்து, எலும்பு மூட்டுத் தொல்லை, மருத்துவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னார்களா என்பவைதான் அவை. ஒன்றுக்கு 'ஆமாம்' வந்தாலும் மேலும் விசாரிக்க வேண்டும், தேவைப்பட்டால் மருத்துவரின் எழுத்து வாங்க வேண்டும்.

இங்கே ஒரு பொறி. "எதாவது நோய் இருக்கா?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்ல" என்றுதான் பதில் வரும். "காலையில என்ன மாத்திரை போடுறீங்க?" என்று கேளுங்கள். பர்ஸிலிருந்து அட்டை வெளியே வரும். அட்டையைப் பார்த்து நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அட்டினோலால், மெட்டோபிரோலால் வகை மாத்திரை என்றால் எவ்வளவு உழைத்தாலும் நாடித்துடிப்பு அதிகம் ஏறாது. கைக்கடிகாரத்தில் எண்ணைப் பார்த்து வேகம் கூட்டாமல், அவர் பேசும்போது மூச்சு வாங்குகிறதா என்று பாருங்கள். இன்சுலின் போடுகிறவரும் கிளிமிபிரைடு வகை மாத்திரை போடுகிறவரும் பயிற்சியின்போது சர்க்கரை இறங்கி மயங்கக்கூடும். தொடங்கும்போது சர்க்கரை 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்ட பிறகுதான் பயிற்சி. 250-க்கு மேலே இருந்து உடம்பும் முடியவில்லை என்றால் அன்றைக்கு வேண்டாம்.

ஐந்து நிமிடம் உட்கார வைத்து பிரஷர் பாருங்கள். கருவி 2,000 ரூபாய்க்குள் கிடைக்கும். மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு பார்த்தால் எண் பொய் சொல்லும். 160/100-ஐத் தாண்டினால் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன். 180/110-ஐத் தாண்டினால் எடைப் பயிற்சி கிடையவே கிடையாது. தலைவலி, நெஞ்சு வலி, பார்வை மங்கல் சேர்ந்திருந்தால் நேராக ஸ்டான்லி அரசு மருத்துவமனை. குடலிறக்கம் இருக்கிறதா என்று ஆண்களிடம் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். நாலு பேர் நடுவில் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

படிவத்தில் இல்லாத பக்கம் ஒன்று என் நோட்டில் இருக்கிறது. தலைப்பு 'நேத்து நாள்'. எத்தனை மணிக்கு எழுந்தார், என்ன தூக்கினார், எத்தனை மாடி, எவ்வளவு தூக்கம். 15 லிட்டர் குடத்தோடு இரண்டாவது மாடிக்கு எட்டு நடை நடக்கிற அக்கா, என்னிடம் வருவதற்கு முன்பே 120 கிலோ மேலேற்றிவிட்டுத்தான் வருகிறார். சமையல் எரிவாயு உருளை, உள்ளே இருக்கும் 14.2 கிலோவோடு சேர்த்து ஏறக்குறைய 30 கிலோ. இதெல்லாம் பயிற்சிதான். அதற்கு மேல் நீங்கள் போடுவதுதான் உங்கள் அட்டவணை.

கடைசியாக ஓர் அளவு எடுத்துவையுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது? 60 முதல் 64 வயதில் பெண்ணுக்கு 12, ஆணுக்கு 14-க்குக் கீழே வந்தால் கால் வலு குறைவு என்று பொருள். எட்டு வாரம் கழித்து இதே கணக்கைக் காட்டுங்கள். உடம்பு எடை குறையாவிட்டாலும் இந்த எண் ஏறியிருந்தால் ஆள் தொடர்ந்து வருவார்.

சம்மதக் கையெழுத்து தமிழில் வாங்குங்கள். கையெழுத்து வாங்கிவிட்டதால் உங்கள் கவனக்குறைவுக்குப் பொறுப்பில்லை என்று ஆகிவிடாது.

4. சாமான்

பெரியமேட்டில் நேரு விளையாட்டரங்கத்தைச் சுற்றியுள்ள விளையாட்டுச் சாமான் கடைகளில் நாலைந்து ஏறி இறங்கி விலை கேளுங்கள். வார்ப்பிரும்பு கிலோ 100 ரூபாய்ச் சொச்சத்துக்கு வாங்கினேன். காயலான் கடையில் இன்னும் குறைவு, ஆனால் பழைய டம்பெல்லில் தலை ஆடுகிறதா என்று குலுக்கிப் பாருங்கள். 2, 3, 5, 7.5, 10 கிலோவில் இரண்டிரண்டு ஜோடி, ரப்பர் பட்டைகள், முதுகு வைத்த உறுதியான நாற்காலி ஆறு, தரைக்கு ரப்பர் பாய். மொத்தம் 22,000 ஆனது. மெஷின் எதுவும் வேண்டாம்.

கர்லாக்கட்டை (கையில் பிடித்துச் சுழற்றும் கனமான மரக்கட்டை) யார் வீட்டுப் பரணிலாவது இருக்கும். கொண்டுவருவார்கள், வாங்கி ஓரமாக வையுங்கள். தோள் பழகிய ஆளுக்கு நல்ல சாமான், புதியவர் பக்கத்தில் நிற்பவர் மண்டையைப் பெயர்த்துவிடுவார்.

5. முதல் எட்டு வாரத்துக்கான அட்டவணை

வாரம் இரண்டு நாள். உலக சுகாதார அமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசை வலுவூட்டும் பயிற்சி என்றுதான் சொல்கிறது. இரண்டு நாளுக்கும் நடுவே குறைந்தது 48 மணி நேரம் விடுங்கள். எங்கள் பெண்கள் வகுப்பு திங்கள், வியாழன். வெள்ளிக்கிழமை வீடு கழுவிப் பூஜை, ஞாயிறு காலையில் பாதிப் பேர் காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டிருப்பார்கள். அதோடு மோதாதீர்கள்.

ஒவ்வொரு வகுப்பிலும் ஐந்து வகை அசைவு போதும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது (பழகியதும் அதுவே பஸ்கி ஆகும்), இடுப்பை மடக்கித் தரையிலிருந்து தூக்குவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது (பல மாதம் கழித்துத் தண்டால்), ரப்பர் பட்டையை இழுப்பது, இரண்டு கையிலும் எடையோடு நடப்பது. முதல் இரண்டு வாரம் ஒரு செட், அப்புறம் இரண்டு. ஒரு செட் என்றால் நிறுத்தாமல் 8 முதல் 12 எண்ணிக்கை. பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்குவது, முப்பது நிமிடம் பயிற்சி, ஐந்து நிமிடம் ஆற விடுவது.

எடை எவ்வளவு? 'அதிகபட்சம் எவ்வளவு தூக்குவீர்கள்' என்று சோதித்துப் பார்க்கவே வேண்டாம். செட் முடிந்ததும் "இன்னும் எத்தனை முடியும்?" என்று கேளுங்கள். முதல் மாதத்தில் குறைந்தது மூன்று மீதம் இருக்க வேண்டும். ஆண்கள் "இன்னும் பத்து" என்பார்கள், பெண்கள் "இதோட போதும்" என்பார்கள். இரண்டும் அப்படியே உண்மை அல்ல. அசைவின் வேகம் குறைகிறதா, முகம் இறுகுகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

முதல் மாதம் "இன்னா மாஸ்டர், இவ்ளோதானா?" என்று யாராவது கேட்காவிட்டால் நீங்கள் அதிகமாகப் போட்டிருக்கிறீர்கள். வியர்வைக்குத்தான் காசு கொடுக்கிறார்கள் என்ற பயத்தில் செட்டுக்கு நடுவே ஓய்வைக் குறைக்கும் தப்பையும் செய்யாதீர்கள். ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் உட்காரட்டும். கதை பேசட்டும். அந்தக் கதையில்தான் முட்டி வலி வெளியே வரும்.

'நேத்து நாள்' பக்கத்தில் கனமான வேலை இருந்தால் அன்று பாதி செட். சுமை தூக்குகிற அண்ணன்களுக்கு நான் தூக்கும் பயிற்சியே அதிகம் தருவதில்லை. தள்ளுவது, இழுப்பது, ஒற்றைக் காலில் நிற்பது என்று அவர்கள் வேலையில் வராததைத்தான் தருகிறேன்.

6. எடை ஏற்றும்போதுதான் பெரும்பாலான பொறிகள்

தொடர்ந்து இரண்டு வகுப்பில் 12-ஐ நல்ல முறையில் தாண்டினால் எடையை 2 முதல் 10 சதவீதம் வரை ஏற்றலாம் என்பது வழக்கமான விதி. புத்தகத்தில் சரி. நம் கையில் இருப்பதோ 5 கிலோ, அதற்கடுத்து 7.5. ஒரே தாவலில் 50 சதவீதம்! தோளுக்கு மேலே தூக்குகிற பயிற்சியில் இந்தத் தாவலில்தான் என் ஆட்கள் இரண்டு பேருக்குத் தோள்பட்டை போனது. 20 கிலோவிலிருந்து 22.5 போவதும் இதுவும் ஒன்றில்லை.

இதற்கு மூன்று வழி வைத்திருக்கிறேன். எடையை மாற்றாமல் எண்ணிக்கையை 15 வரை கொண்டுபோய், பிறகு அடுத்த டம்பெல்லில் 6-லிருந்து தொடங்குவது ஒன்று. அதே எடையை மெதுவாக, மூன்று எண்ணி இறக்குவது இன்னொன்று. மூன்றாவது, தடித்த துணிப்பையில் மணலை அரை அரை கிலோவாகப் பொட்டலம் கட்டிப் போடுவது. பை தைக்க 80 ரூபாய். பார்க்க அழகில்லை, வேலை நடக்கிறது.

ஒரே வாரத்தில் எடை, எண்ணிக்கை, செட் மூன்றையும் கூட்டாதீர்கள். ஏதாவது ஒன்றுதான். ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை செட்டைப் பாதியாக்கிவிடுங்கள். பயிற்சி முடிந்த இரண்டு மூன்று நாள் வரை சதை வலிப்பது இயல்பு. மூட்டுக்குள் குத்துவதும், காலுக்கு மின்சாரம் மாதிரி இறங்குவதும் இயல்பல்ல.

ஊசி, மாத்திரை போட்டால் சதை சீக்கிரம் ஏறும் என்று யாராவது வந்து பேசினால் படியிலேயே திருப்பி அனுப்புங்கள். இதில் நான் பேச்சுவார்த்தைக்கே போவதில்லை.

7. வாயால் சொல்லிக்கொடுப்பது

'முதுகை நேரா வை' என்றால் ஆள் விறைப்பாக நின்று முட்டியை மட்டும் மடக்குவார். "ரெண்டு கையிலும் பை இருக்கு, பின்னாடி கிரில் கேட்டை இடுப்பால தள்ளிச் சாத்துங்க" என்று சொல்லிப் பாருங்கள், இடுப்பு தானாக மடங்கும். துடைப்பக் கட்டையை முதுகோடு சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். பின்மண்டை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றும் கட்டையைத் தொட்டபடியே குனிய வேண்டும். தொட்டுத் திருத்த வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது. வந்தால் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

மூச்சை அடக்கித் தூக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும், பிரஷர்காரர்களுக்கு இது ஆபத்து. 'மூச்சு விடுங்க' என்று கத்துவதைவிட, வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். எண்ணுகிறவரால் மூச்சை அடக்க முடியாது. எல்லோரும் சேர்ந்து எண்ணினால் கீழ்வீட்டுக்காரர் வருவார் என்பது தனிக் கதை.

ஒரு நேரத்தில் ஒரே திருத்தம். நைட்டியோ சுடிதாரோ எதில் வந்தாலும் சரி, துப்பட்டாவை மட்டும் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். தனியாள் மாஸ்டர் என்றால் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். பதினைந்து பேரை வைத்து நடத்தியபோது நான் யாரையும் பார்க்கவில்லை, கூட்டத்தைத்தான் பார்த்தேன்.

8. வெயில், விரதம், மழை

ஏப்ரல், மே மாதங்களில் காலை எட்டு மணிக்கே மாடித் தரை சுடும். வகுப்பை 5:30-க்கு மாற்றுங்கள். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று இரண்டு வாரம் ஆகும், அதுவரை ஒரு செட் குறைவு. புழுக்கத்தில் வியர்வை காயாது, உடம்பும் ஆறாது.

அமாவாசை, கிருத்திகை, ஆடி வெள்ளி என்று வெறும் வயிற்றோடு மாத்திரை போட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. சுகர்காரர் என்றால் அன்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போகட்டும். ரம்ஜான் மாதத்தில் நோன்பு இருப்பவர்களுக்கு நோன்பு திறந்த பிறகு ஒரு வகுப்பு வைத்தேன், பகல் வகுப்பைவிடக் கூட்டம் நன்றாக வந்தது.

ஐப்பசி, கார்த்திகையில் வியாசர்பாடி பக்கம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் பாதிப் பேர் வர முடியாது. ஈரத் தரையில் எடை தூக்க விடாதீர்கள். வீட்டில் நாற்காலியும் சுவரும் வைத்துச் செய்யக்கூடிய ஒரு பக்க அட்டவணையை செப்டம்பரிலேயே நோட்டில் ஒட்டிவிடுங்கள்.

9. அவசரம் என்றால்

நெஞ்சு அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, திடீர் மூச்சுத்திணறல், மயக்கம். உடனே நிறுத்தி 108. மூச்சில்லை என்றால் நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில், 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். ஒரு பொறுப்பான ஆளை வாசலுக்கு அனுப்புங்கள். எங்கள் சந்துக்குள் ஆம்புலன்ஸ் வராது, எந்த முனையில் நிற்க வேண்டும் என்பதை நோட்டில் எழுதி ஒத்திகையே பார்த்திருக்கிறோம்.

கை நடுங்கிக் குளிர்ந்து வியர்த்தால் சர்க்கரையைச் சோதியுங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

அடுத்த நாள் போன் செய்து "சிறுநீர் டிகாஷன் நிறத்துல போகுது, கை நீட்ட முடியல" என்றால் சதை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலையாக இருக்கலாம். 'சரியாகிடும்' என்று சொல்லாமல் அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். இடுப்பு வலியோடு சிறுநீர் அடங்காமல் போவது, தொடை நடுவே மரத்துப்போவது இரண்டுக்கும் இதேதான்.

10. கட்டணமும் நேரமும்

மாதம் 600 வாங்குகிறேன், மாதாமாதம். ஆண்டுச் சந்தா வேண்டாம். ஜனவரியில் கட்டிவிட்டு மார்ச்சில் நின்றவர் தெருவில் உங்களைப் பார்க்கும்போதெல்லாம் முகம் திருப்புவார். ரசீது கொடுங்கள், ஜிபே என்றாலும் நோட்டில் எழுதுங்கள்.

காலை 5:30 வேலைக்குப் போகிறவர்களுக்கு, 10:30 (ஏப்ரல், மே தவிர) தண்ணீர் பிடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் பெண்களுக்கு, இரவு 7:30 கடைக்காரர்களுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த வீட்டு ஆட்களுக்கு நேரம் இருக்கும், கையில் காசு இருக்காது. அவர்களிடம் அந்த இரண்டு மாதக் கட்டணத்தை ஆடிக்குப் பிறகு வாங்கிக்கொள்கிறேன். சேருகிற அன்றே அவர்கள் நோட்டின் அட்டையில் ஜூன் 15-ஐக் குறித்துவிடுவேன். படகு கடலுக்குத் திரும்பும் அந்த வாரத்தில் அவர்களுக்கு எடை ஏற்றுவதில்லை.